சாட்சியில்லாத ஓசை

உலகில் எழும் ஓசைகளுக்கெல்லாம் சாட்சி உண்டு. இடி இடித்தால் ஊரே கேட்கிறது. அடுத்த வீட்டுக் குழந்தை அழுதால் தெருவே அறிகிறது. ஆனால், ஒரு மனிதரின் செவிக்குள் மட்டுமே எழுந்து, அவர் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேளாத ஓசை ஒன்று உண்டு. அது சிலருக்குச் சில்வண்டின் ரீங்காரமாகவும், சிலருக்குக் கடலின் இரைச்சலாகவும், வேறு சிலருக்குக் கொதிக்கும் நீரின் ஆவி சீறுவது போலவும் கேட்கிறது. பகலின் சந்தடியில் அடங்கியிருப்பது போலத் தோன்றும் அவ்வோசை, ஊர் உறங்கிய பின் தலைதூக்குகிறது. தஹஜ்ஜுத் தொழ எழுந்து அமர்ந்திருக்கும் பெரியவருக்கு அந்த அமைதியே பகையாகிவிடுகிறது. இதனைத்தான் காதிரைச்சல் என்கிறோம்.

இது அரிதாகக் காணப்படும் நோயன்று. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வெளியான கணக்கொன்று, வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினான்கு பேர் இதனை அறிந்தவர்கள் என்றும், நூற்றுக்கு இருவருக்கு அது கடுந்துன்பமாக இருக்கிறது என்றும் மதிப்பிட்டது. அப்படியாயின், நம் உறவினர் கூடும் ஒவ்வொரு கலியாண வீட்டிலும் இவ்வோசையைச் சுமந்தவர் பலர் அமர்ந்திருக்கிறார்கள் என்று பொருள். அவர்கள் அதைச் சொல்வதில்லை. சொன்னாலும், “வயதானால் அப்படித்தான்” என்று ஒருவரும், “எல்லாம் மனப்பிரமை” என்று மற்றொருவரும் கூறி முடித்துவிடுகின்றனர். “இதற்கு ஒன்றும் செய்ய இயலாது” என்னும் தீர்ப்பு மருத்துவர் வாயிலிருந்தே வருவதும் உண்டு. இத்தீர்ப்பு சரியானதுதானா? இவ்வினாவுக்கு விடை காண, காதிரைச்சலின் நீண்ட வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

பழைய ஏடுகளில்

இற்றைய இராக்கின் மோசூல் நகருக்கு அருகே பண்டைய நினிவே நகரம் இருந்தது. கி.மு. ஏழாம் நூற்றாண்டில் அதனை ஆண்ட அசூர்பானிபால் மன்னனின் நூலகத்துக் களிமண் பலகைகளில் செவி நோய்களுக்கான குறிப்புகள் உள்ளன. காது ‘பாடும்’ நிலை அவற்றில் இடம்பெறுகிறது. அதற்கு மருந்தும் மந்திரமும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கின்றன. நம் நாட்டின் சுசுருத சங்கிதை, செவி நோய்களை வகைப்படுத்தும்போது கர்ணநாதம் என்று இதற்குத் தனிப்பெயரே சூட்டியிருக்கிறது. உரோமாபுரி அறிஞர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய இயற்கை நூலில் ஒரு சுவையான செய்தியைக் குறித்து வைத்தார். காது ஒலித்தால், தொலைவிலுள்ளோர் தம்மைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அக்கால மக்கள் நம்பினராம். விக்கல் எடுத்தால் யாரோ நினைக்கிறார்கள் என்னும் நம் வீட்டு வழக்கத்துக்கு அது அண்ணன் முறை ஆகும் போலும்! மணி ஒலித்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த ‘டின்னிடஸ்’ என்பதே மேனாட்டு மருத்துவத்தில் இன்றளவும் இந்நோயின் பெயராக வழங்குகிறது.

கிரேக்கர் கேட்ட கேள்வியோ இதனினும் கூர்மையானது. அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் ‘பிரச்சினைகள்’ என்னும் நூல், புறத்தே ஓர் ஒலி எழுந்தவுடன் காதின் இரைச்சல் அடங்கிவிடுவது ஏன் என்று வினவி, பெரிய ஓசை சிறிய ஓசையை விரட்டுவதனாலோ என்று ஐயுறுகிறது. மந்திரமும் நம்பிக்கையும் நிறைந்த அக்காலத்தே, கூர்ந்து நோக்கியதனால் மட்டுமே பிறந்த வினா இது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு சிகிச்சை ஒன்று பிறக்கவிருந்த விதை இதற்குள்ளேயே உறங்கிக் கிடந்தது.

ஹகீம்கள் கண்டது

கிரேக்க மருத்துவத்தை அரபு மொழிக்குக் கொண்டுவந்து, அதனைத் தம் அனுபவத்தால் வளர்த்தவர்கள் முஸ்லிம் ஹகீம்கள். கிரேக்க நாட்டை அரபியர் யூனான் என்றழைத்ததால்தான் அம்மருத்துவம் யூனானி ஆயிற்று. அவர்களுள் தலைசிறந்தவரான இப்னு ஸீனா (ஹிஜ்ரி 370–428, கி.பி. 980–1037) தம் ‘அல்-கானூன்’ நூலின் மூன்றாம் பாகத்தில், தலை முதல் கால் வரையிலான நோய்களை வரிசைப்படுத்துமிடத்தே காதிரைச்சலுக்கெனத் தனிப்பகுதி ஒதுக்கினார். அதிலே அவர் மூன்று சொற்களை ஆள்கிறார்: மணியோசை போன்றது தனீன், தேனீக்கூட்டத்தின் முழக்கம் போன்றது தவீ, சீழ்க்கை போன்றது ஸஃபீர். நோயாளர் வெவ்வேறு விதமாகக் கூறியதைச் செவிமடுத்துக் கேட்ட ஒருவரால்தானே இப்படிப் பிரித்துப் பெயரிட இயலும்?

புறக்காரணம் இல்லாமலே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும் ஓசை என்று இதனை அவர் வரையறுத்தார். கண்முன் இல்லாத உருவங்கள் பார்வைக்குத் தோன்றுவது எப்படியோ, இல்லாத ஓசை செவிக்குத் தோன்றுவதும் அப்படியே என்று உவமையும் காட்டினார். இதற்குப் புலன் நலிவு காரணமாகலாம். புலன் மிகக் கூர்மையாகி, பிறர் உணராத சிறு அசைவையும் உணர்ந்துவிடுவதும் காரணமாகலாம் என்றார்.

நம் முன்னோர் எல்லாவற்றையும் அன்றே கண்டுவிட்டார்கள் என்று மார்தட்டுவதற்காக இதனை எழுதவில்லை. காதுக்குள் அடைபட்ட காற்றும் ஆவியும் அசைவதே இவ்வோசைக்கு மூலம் என அவர் கொண்ட விளக்கம் பிற்காலத்தே நிலைபெறவில்லை. எனினும், நோயாளியின் சொல்லைப் பொய்யெனத் தள்ளாமல் அதனைப் புலனின் செயலாகக் கொண்டு ஆராய்ந்த நேர்மை நிலைபெற்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலைதோ நகரில் கிரிமோனாவைச் சேர்ந்த ஜெரார்டு என்பார் அல்-கானூனை இலத்தீனில் பெயர்த்தார். அதன் பின்னர் பல நூற்றாண்டுகள் ஐரோப்பியக் கல்விக்கூடங்கள் அதனைப் பாடநூலாகப் போற்றின.

பாரிஸ் மருத்துவரின் அடுப்பும் செப்புப் பாத்திரமும்

காதிரைச்சல் எத்தகைய தனிமையை உண்டாக்கும் என்பதற்கு ஜெர்மானிய இசைமேதை பீத்தோவன் சான்று. முப்பது வயதளவில், 1801-ஆம் ஆண்டு தம் மருத்துவ நண்பர் வேகலருக்கு எழுதிய மடலில், தம் காதுகள் இரவும் பகலும் ஓயாது இரைவதையும், செவிப்புலன் மங்கிவருவதை வெளியே சொல்ல இயலாமல் மனிதர் கூடும் இடங்களையே தவிர்த்து வருவதையும் அவர் தெரிவித்தார். ஒலியையே உயிராகக் கொண்டவர் ஒலியாலேயே ஒதுங்கி வாழ நேர்ந்தது.

அதே காலத்தில், பாரிஸ் நகரத்துச் செவிட்டூமையர் கல்வி நிலையத்தில் ழான் மார்க் காஸ்பார் இத்தார் என்னும் மருத்துவர் பணியாற்றி வந்தார். 1821-இல் அவர் வெளியிட்ட செவி நோய் நூல், காதிரைச்சலை இரண்டாகப் பிரித்தது. இரத்தக் குழாயின் துடிப்பைப் போல உடலுக்குள்ளே மெய்யாகவே எழும் ஓசை ஒன்று. எவ்வித மெய்யோசையும் இல்லாமலே கேட்பது மற்றொன்று. இன்றைய மருத்துவரும் முதலில் செய்வது இந்தப் பாகுபாட்டைத்தான்.

நோயை வேரறுக்கும் மருந்து பெரும்பாலும் கைகொடுப்பதில்லை என்று கண்ட இத்தார், நோயாளியின் உறக்கத்தையாவது மீட்கலாம் என்று முனைந்தார். உள்ளே கேட்கும் ஓசைக்கு ஒத்த ஓசையைப் புறத்தே உண்டாக்குவது அவர் கண்ட வழி. சீறும் ஓசை கேட்பவர்க்குக் கணப்பில் ஈர விறகை எரிக்கச் செய்தார். மணியோசை கேட்பவர்க்கு, செப்புப் பாத்திரத்தில் நீர் சொட்டச் செய்தார். நீராலையின் அருகே குடியிருப்பதும் சிலர்க்குப் பயன் தந்தது. கிரேக்க நூல் எழுப்பிய வினா இவ்வாறு மருத்துவரின் கையில் மருந்தாயிற்று.

அவருக்குப் பின் அந்நிலையத்தின் மருத்துவரான ப்ராஸ்பர் மெனியேர், 1861-இல் தலைச்சுற்றல், காதிரைச்சல், செவிப்புலக் குறைவு மூன்றும் சேர்ந்து வருவதற்கு மூளை காரணமன்று, உட்செவியே காரணம் என்று எடுத்துரைத்தார். அவர் பெயராலேயே அந்நோய் இன்றும் வழங்குகிறது.

டாயின்பியின் முடிவு

இலண்டனில் ஜோசப் டாயின்பி என்றொரு செவி மருத்துவர் வாழ்ந்தார். வரலாற்றறிஞர் ஆர்னால்டு டாயின்பியின் பாட்டனார் இவர். ஏறத்தாழ 2000 செவிகளை அறுத்து ஆராய்ந்து, செவி நோய் இயலுக்கு அடித்தளம் இட்டவர். காதிரைச்சலுக்கு மருந்து காணவேண்டும் என்னும் வேட்கையால், குளோரோஃபார்ம் ஆவியும் ஹைட்ரோசயனிக் அமில ஆவியும் பயன்படுமா என்று தம் உடலிலேயே சோதித்தார். 1866 ஜூலை 7-ஆம் நாள், அந்தச் சோதனையே அவர் உயிரைப் பறித்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பது. சோதனைக் குறிப்புகள் அவர் அருகிலேயே கிடந்தன.

ஓசையைக் கொன்றுவிட வேண்டும் என்னும் போராட்டத்தின் உச்சம் இது. ‘எப்படியாவது இதனை நிறுத்துங்கள்’ என்று கெஞ்சிய எத்தனை நோயாளரை அவர் கண்டிருக்க வேண்டும்! பிற்காலத்தே, செவி நரம்பையே துண்டித்தால் ஓசை ஒழியும் என்று எண்ணியோரும் உண்டு. நரம்பு அறுந்தபின்னும் பலருக்கு ஓசை நிற்கவில்லை. அப்படியானால், அது காதில் மட்டும் இருக்கவில்லை என்றாகிறதன்றோ?

இன்றைய விளக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. உட்செவியின் நத்தை போன்ற சுருளில் ஏறத்தாழ 15,000 நுண்மயிர் உயிரணுக்கள் உள்ளன. அவையே ஒலியலைகளை நரம்புச் செய்திகளாக மாற்றுபவை. முதுமையாலோ, பேரோசையாலோ, சில மருந்துகளாலோ அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அவ்விடத்திலிருந்து செய்தி வராது போகவே, மூளை தன் கேட்கும் திறனை உயர்த்திக்கொள்கிறது. தொலைதூர வானொலி நிலையம் சரியாகக் கிட்டாதபோது ஒலியைக் கூட்டினால், பாட்டைக் காட்டிலும் கரகரப்பே மிகுதியாகக் கேட்பதில்லையா? அதுபோன்றே நரம்புகளின் இயல்பான சலசலப்பும் ஓசையாகிக் கேட்கிறது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கால் இழந்தவர் இல்லாத காலில் வலியை உணர்வதற்கு இதனை ஒப்பிடுகின்றனர்.

அளந்து பார்த்தபோது

சாட்சியில்லாத ஓசையை அளக்க இயலுமா? ஒலிமானி என்னும் செவிப்புலச் சோதனைக் கருவி வந்தபின் அதுவும் இயன்றது. கருவியிலிருந்து பற்பல சுருதிகளை எழுப்பி, நோயாளியின் உள்ளோசைக்கு இணையானது எது என்று கேட்பர். பின்னர் அதன் உரப்பைக் கூட்டியும் குறைத்தும் ஒப்பிடுவர். நியூயார்க் செவி மருத்துவர் எட்மண்ட் பிரின்ஸ் ஃபவுலர் 1940-களின் தொடக்கத்தில் இவ்வாறு அளந்தபோது வியப்புற்றார். தாங்கவொண்ணாப் பேரிரைச்சல் என்று நோயாளர் வருணித்த ஓசை, பெரும்பாலும் அவர்களின் கேட்புவரம்புக்கு மேல் 5 முதல் 10 டெசிபல் அளவுள்ள மெல்லிய ஒலிக்கே இணையாயிற்று.

இதைக் கண்டு, நோயாளி மிகைப்படுத்துகிறார் என்று முடிவு கட்டுவோர் தவறு செய்கின்றனர். ஓசையின் அளவும் அது தரும் துயரின் அளவும் ஒன்றல்ல என்பதே இச்சோதனை கற்பித்த பாடம். உறக்கம் கெடுதல், அச்சம், கவலை ஆகியவையே சிறு ஓசையைப் பெருந்துயராக்குகின்றன. அதனால்தான் 1996-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 25 வினாக்கள் கொண்ட பட்டியலொன்றை வகுத்து, ஓசையை விடுத்து வாழ்வில் அதனால் நேரும் இடையூற்றை அளக்க முற்பட்டனர்.

இன்னுமொரு சோதனை, 1953-இல் வெளியானது. ஹெல்லர், பெர்க்மன் என்னும் இருவர், செவிக்குறை ஏதுமற்ற 80 பேரை ஒவ்வொருவராக ஒலிபுகா அறையில் சில நிமிடங்கள் அமர்த்தி, கேட்பதைக் குறிக்கச் சொன்னார்கள். அவர்களில் நூற்றுக்கு 94 பேர் ஏதேனும் ஓர் ஓசையைக் கேட்டதாகக் குறித்தனர்! முழு அமைதியில் எவர் செவியும் வெறுமையாக இருப்பதில்லை. காதிரைச்சல் உள்ளவர் அமைதியை நாடி ஓடுவது ஏன் தவறு என்பதும் இதனால் விளங்கும்.

நீரூற்றும் அதன் பின்னரும்

1970-களில் அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில் ஜாக் வெர்னன் என்னும் ஆய்வாளரைக் காண, காதிரைச்சலால் துன்புற்ற சார்லஸ் யூனிஸ் என்னும் மருத்துவர் வந்தார். இருவரும் நடந்து செல்கையில், லவ்ஜாய் நீரூற்றின் அருகே நின்ற யூனிஸ் அவ்விடத்தை விட்டு நகர மறுத்தார். நீர் விழும் ஓசையில் தம் காதிரைச்சல் மறைந்துவிட்டதே காரணம். அதிலிருந்து, காதில் அணியும் மறைப்பொலிக் கருவியை வெர்னன் உருவாக்கினார். இத்தாரின் செப்புப் பாத்திரம் கைக்கடக்கமாகச் செவியில் ஏறிக்கொண்டது என்க.

அடுத்த படி, மனத்தின் பழக்கத்தைப் பற்றியது. இரயில் பாதைக்கருகே குடியிருப்பவர் சில மாதங்களில் வண்டியோசையைக் கேளாமலே உறங்கப் பழகிவிடுகிறார். ஓசை குறையவில்லை, அதனால் தீங்கில்லை என்று மூளை அறிந்துகொண்டது, அவ்வளவே. 1984-இல் ஹாலமும் அவர் தோழர்களும் காதிரைச்சலுக்கும் இது பொருந்தும் என்றனர். 1990-இல் பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் அதனை நரம்பியல் நோக்கில் விரித்துரைத்து, ஜோனதன் ஹேசலுடன் சேர்ந்து பயிற்சி முறையொன்றை வகுத்தார். ஓசையை முற்றிலும் மூடாமல், அதனினும் சற்றுத் தாழ்ந்த புறவொலியோடு வாழ்ந்து, அச்சம் நீங்கக் கற்பதே அதன் சாரம். எண்ணங்களையும் நடத்தையையும் சீர்செய்யும் உளவியல் சிகிச்சையும் இவ்வழியில் வளர்ந்தது. 28 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான மதிப்பீடு, அச்சிகிச்சை காதிரைச்சலால் வாழ்வில் நேரும் துன்பத்தைக் குறைக்கக்கூடும் என்று கூறியது.

இன்று நாம் செய்யத்தக்கவை

முதலாவது, காதுமூக்குத்தொண்டை மருத்துவரிடம் காட்டுதல். காதில் இறுகிய குறும்பியே காரணமாக இருந்து, அதனை அகற்றியதும் ஓசை நீங்குவது உண்டு. அதற்காக நாமே ஊக்கையோ பஞ்சுக்குச்சியையோ விட்டுக் குடைவதும், காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவதும் செவிப்பறைக்குக் கேடு. மருத்துவர் காதைப் பார்த்து, இசைக்கவையாலும் ஒலிமானியாலும் சோதிப்பார். உண்ணும் மருந்துகளையும் அவரிடம் சொல்லவேண்டும். மலேரியாவுக்கான கொயினா, மிகுந்த அளவில் ஆஸ்பிரின் ஆகியவை இரைச்சலை எழுப்புவன; நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கும். ஸ்ட்ரெப்டோமைசின் இனத்து ஊசி மருந்துகளோ உட்செவியை நிலையாகவே கெடுக்கவல்லவை. ஆயினும், எந்த மருந்தையும் மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது.

சில அடையாளங்கள் தோன்றினால் நாள் கடத்துவது கூடாது. திடீரென ஒரு காது கேளாமற் போனால், உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். தொடக்க நாட்களில் தரும் ஸ்டீராய்டு மருந்தால் பலன் கிட்டலாம். ஒரு காதில் மட்டும் நீடிக்கும் இரைச்சல், நாடித்துடிப்போடு ஒத்து அடிக்கும் ஓசை, தலைச்சுற்றலோ முகத்தசைத் தளர்ச்சியோ சேர்ந்து வருதல் ஆகியவற்றுக்கும் முழுச் சோதனை தேவை. மருத்துவர் ஸ்கேன் எடுக்கவும் சொல்லக்கூடும்.

செவிப்புலம் குறைந்தவர்க்குக் காது கேட்கும் கருவியே நல்ல துணை. புறவொலி உள்ளே சென்றால் உள்ளோசை பின்வாங்கும். அதனை அணிவதில் நாணம் ஏன்? கண்ணாடி அணிவதற்கு யாரும் நாணுவதில்லையே! இரவில் மின்விசிறியின் ஓசையோ, தாழ்ந்த குரலில் ஒலிக்கும் கிராஅத் ஒலிப்பதிவோ உறக்கத்துக்கு உதவும். ‘அறவே ஒழிக்கும்’ என்று விளம்பரமாகும் மாத்திரைகளை நம்பிப் பணத்தை இழக்கவேண்டாம். ஜிங்கோ இலைச் சத்து, துத்தநாகம் ஆகியவற்றை இதற்கெனப் பரிந்துரைக்கலாகாது என்று 2014-இல் அமெரிக்கச் செவி மருத்துவர் அமைப்பின் வழிகாட்டுதல் கூறியது. காதிரைச்சலுக்கு மட்டுமெனப் பீட்டாஹிஸ்டின் தரலாகாது என்று 2020-இல் பிரிட்டனின் வழிகாட்டுதலும் கூறியது.

வருமுன் காப்பதும் உண்டு. வெனிஸ் நகரத்துச் செம்புக் கொல்லர்களின் செவிகள் சம்மட்டி ஓசையால் கெடுவதை இத்தாலிய மருத்துவர் ரமாஸினி 1700-இலேயே எழுதிவைத்தார். விசைத்தறிக் கூடத்திலும் பாத்திரப் பட்டறையிலும் உழைப்போர் இன்றேனும் காதடைப்பான் அணியவேண்டும். செவியில் கருவி பொருத்தி உரக்கப் பாட்டுக் கேட்கும் பிள்ளைகளுக்கு, அழிந்த நுண்மயிர் மீண்டும் முளையாது என்பதை அன்போடு உணர்த்தவேண்டும்.

நினிவேயின் களிமண் பலகை முதல் இன்றைய வினாப்பட்டியல் வரை நாம் கண்ட வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. ஓசையை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் பெரும்பாலும் தோற்றார்கள். நோயாளியின் சொல்லை நம்பி, அவர் வாழ்வை இலகுவாக்கப் புறப்பட்டவர்கள் வென்றார்கள். இன்றளவும் ஓசையை அடியோடு போக்கும் மருந்து இல்லை என்பது மெய். ஆனால், ‘ஒன்றும் செய்ய இயலாது’ என்பது மெய்யன்று. நம் வீட்டு வாப்பாவோ உம்மாவோ காது இரைகிறது என்று சொல்லும்போது, அந்த ஓசைக்கு நாம் சாட்சியாக இயலாது. அவர்கள் சொல்லுக்குச் செவிசாய்க்க இயலும். எந்தக் காதில், எப்போது முதல், எப்படிக் கேட்கிறது என்று அருகமர்ந்து கேட்டு, மருத்துவரிடம் உடன் செல்வது நம் கடமை.